ஏழாம் அறையின் அதிகாரபூர்வ ஆவி

மனித நாகரிகத்தின் ஆகப் பெரிய சாதனை எது என்று யாராவது கேட்டால் தயங்காமல் சொல்லலாம்: அடித்து இழுத்து வந்தாலும் ஆள் நுழைய மறுத்த இடத்துக்கு, இப்போது சீட்டு வாங்கிக்கொண்டு முண்டியடித்து நுழைகிறோம். அந்தப் பழைய ராணுவச் சிறை இன்று அருங்காட்சியகம். அங்கே ஆவி உண்டு என்பது ஊர்ப்பேச்சு. "வாரத்தில் ஆறு நாள் உண்டு, திங்கள் விடுமுறை" என்பது நிர்வாகத்தின் அறிவிப்பு.

பதிவு அலுவலகத் தலைமை எழுத்தர் ஆவிக்காகப் போகவில்லை. ஆறு வருடம் வெளிநாட்டில் இருந்த மகள் ஐந்து மணி ரயிலில் வருகிறாள். மணி மூன்று. நடைமேடையில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"எதிர்ல இருக்கற சிறையையாவது ஒரு சுத்து சுத்திட்டு வாங்க" என்றாள் மனைவி. "நீங்க விடற பெருமூச்சுல ரயில் பயந்து வேற ஊருக்குப் போயிடும்."

உள்ளே, அந்தக் கால ராணுவச் சீருடையில் ஒரு காப்பாளர் நின்றிருந்தார். 'ஐந்து நிமிடக் கைதி' என்னும் புதிய திட்டத்தை விளக்கி, எழுத்தரை ஏழாம் அறைக்குள் மரியாதையோடு அனுப்பி, இரும்புக் கதவைப் பூட்டினார். சோற்றுத் தட்டைத் தள்ளும் சிறு திறப்பு மட்டும் இருந்தது. ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்தும் ஆயிற்று.

"தம்பி, திறங்க!"

"விடுதலை ஆணை இருக்கா சார்?"

"என்ன ஆணை?"

"தளபதி கையெழுத்துப் போட்டது. சுவர், கம்பி, விதி எல்லாத்தையும் பழசு மாறாம வெச்சிருக்கோம்ல."

"அப்போ தளபதியைக் கூப்பிடுங்க."

"அந்தப் பதவியை எடுத்து அறுபது வருஷம் ஆச்சு."

"இதுக்கு முன்னாடி அடைச்சவங்க எப்படி வெளியே போனாங்க?"

"திட்டமே இன்னிக்குத்தான் தொடக்கம் சார். நீங்கதான் முதல் ஆள். வாழ்த்துகள்."

கையெழுத்து இல்லாமல் வந்த எத்தனையோ பேரை முப்பது வருடமாகத் திருப்பி அனுப்பியவர் எழுத்தர். ஆகவே அந்த விதியின் கண்டிப்பை அரை நிமிடம் மனதார மெச்சினார். பிறகு அலறினார்.

காப்பாளர் திறப்பை மூடிவிட்டு, சுற்றிப் பார்க்க வந்த ஒரு குழுவை அழைத்து வந்து, "இதுதான் ஆவி இருக்கற அறை" என்றார்.

"நான் ஆவி இல்லைங்க! எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு!"

"ஆவி ரயில்ல எங்க போகுது?" என்றாள் ஒரு பெண்மணி.

"நிறைவேறாத ஆசை மேடம்" என்றார் காப்பாளர், தொப்பியைக் கழற்றி.

"போன மாசம் ஒரு கோட்டையில பார்த்தோம்" என்றார் அவள் கணவர். "அந்த ஆவி இதைவிட நல்லா அலறுச்சு."

எழுத்தருக்குச் சுருக்கென்றது. அடிவயிற்றிலிருந்து கத்தினார். கைதட்டல் எழுந்தது.

ரயில் ஊதிக்கொண்டு வந்தது. நின்றது. போயும் விட்டது.

ஐந்தரை மணிக்குக் கதவுக்கு வெளியே பழகிய குரல் கேட்டது. "இங்கதான்டி வந்தார். ஒரு சுத்து சுத்திட்டு வரேன்னு." அதற்குப் பதில் சொன்ன குரலைக் கேட்டதும் எழுத்தர் கதவோடு ஒட்டி நின்றார்.

"பாப்பா" என்றார்.

"அம்மா! அப்பா குரல்!"

"எல்லாருக்கும் அப்படித்தான் கேக்கும்மா" என்றார் காப்பாளர். "கொஞ்சம் முன்னாடி ஒருத்தருக்கு அவரோட மேலதிகாரி குரல் கேட்டுச்சு. விறைப்பா நின்னுட்டார்."

"உள்ளே ஆள் இருக்கா இல்லையா?" என்றாள் மனைவி.

"ஒருத்தரை உள்ளே அடைக்கவும் தளபதி கையெழுத்து வேணும்மா. கையெழுத்து இல்ல. அதனால உள்ளே யாரும் இல்ல."

"யாரும் இல்லன்னா பேசறது யாரு?" மகள் இரண்டு கையாலும் கதவை அறைந்தாள். "திறங்க!"

"இல்லாத ஆளை எப்படிம்மா விடுதலை பண்றது?" காப்பாளர் பொறுமையாக விளக்கினார். "அந்தக் காலத்துலயும் கைதிங்களோட வீட்டு ஆளுங்க இதே இடத்துல நின்னு இதையேதான் கேட்டாங்க. நாங்களும் இதையேதான் சொன்னோம்."

அறைச் சாவி அவர் இடுப்பில், எல்லோர் கண்ணிலும் படும்படி தொங்கிக்கொண்டிருந்தது. பின்னால் சீட்டு வாங்கிய நாற்பது பேர், வரிசை குலையாமல், மிகுந்த ஒழுக்கத்தோடு நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவர் கடைசியில் பொறுக்க மாட்டாமல் முன்னால் வந்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்கம்மா" என்றார். "நாங்களும் ஆவியைக் கேட்டுட்டுப் போகணும்."