பல் வைத்த சதுரத் துணிகள்

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி, அதையே கேள்வியாகவும் கேட்டு, பதிலை எதிர்பார்த்து இதைத் தொடங்குகிறேன். இங்கே உன் அண்ணி சுகம். நானும் சுகம், வலது கை ஆள்காட்டி விரல் நீங்கலாக. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். இந்த வீட்டில் போனில் பேசினால் சமையலறை வரைக்கும் கேட்கிறது. அண்ணி காதில் விழக் கூடாத விஷயம் இது. படித்ததும் கிழித்துவிடு.

நீ புது ஃபிளாட்டுக்குக் குடிபோன அன்று உன் அண்ணி திரைச்சீலை வாங்கி வந்தாள் அல்லவா. நீ அதைப் பிரித்துப் பார்த்து, "என்ன அண்ணி, பல் டாக்டர் கிளினிக்ல தொங்குற கலரா இருக்கே" என்று சிரித்தாய். எல்லாரும் சிரித்தோம், அவளும் சிரித்தாள். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பஸ்ஸில் அவள் பேசாமல் வந்து நான் பார்த்ததில்லை. அன்றிலிருந்து அவள் உனக்குப் போன் செய்யவில்லை, நீயும் செய்யவில்லை. செய்யட்டுமா என்று நீ கேட்டபோது "கொஞ்சம் ஆறட்டும், நான் பாத்துக்கறேன்" என்று தடுத்தவன் நான்தான். லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்கள் எந்தப் பொத்தானையும் அழுத்தாமல் இருப்பதே நல்லது என்பது என் உத்தியோக அனுபவம்.

இப்படி இருக்கும்போது ஒரு நாள் வாசலில் பார்சல் வந்தது. உன் அண்ணி ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குப் போயிருந்தாள். பார்சலில் அவள் பெயர்தான் இருந்தது, ஆனால் ஒரு ஓரத்தில் டேப் லேசாகப் பிரிந்திருந்தது. பிரிந்ததை நன்றாக ஒட்டலாம் என்று எடுத்தேன், அது முழுதாகவே பிரிந்துவிட்டது. உள்ளே ரிப்பன் கட்டிய ஒரு உருண்டை, அதன் மேல் ஒரு சதுரக் கட்டு. முதலில் தின்கிற பொருளோ என்று முகர்ந்துகூடப் பார்த்தேன். துணி. உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக, ஒன்றுபோல வெட்டிய சதுரத் துணிகள். பூப்போட்டது, கட்டம் போட்டது, புள்ளி வைத்தது, ஒன்றில் சின்னச் சின்னக் குடைகள். உருண்டையைப் பிரித்தால் நீள நீளப் பட்டைகள்.

எனக்கு ஒன்று புரியவில்லை, இன்றைக்கும் முழுதாகப் புரியவில்லை. நல்ல துணியை ஒருத்தர் எங்கோ உட்கார்ந்து துண்டு துண்டாக வெட்டுகிறார். இன்னொருத்தர் அதைக் காசு கொடுத்து வாங்கி மறுபடி ஒன்றாகத் தைக்கிறார். முதலிலேயே வெட்டாமல் விட்டிருந்தால் இரண்டு பேருக்கும் வேலை மிச்சம் இல்லையா? சாயங்காலம் வந்தவளிடம் இதைக் கேட்டேன்.

"பார்சலைப் பிரிச்சீங்களா?"

"அதுவா பிரிஞ்சுது. இது எதுக்கு?"

"போர்வை தைக்க. வெட்டி அளந்து கஷ்டப்பட வேண்டாம், அவங்களே வெட்டிக் குடுத்துடறாங்க. நேரா வச்சுத் தச்சா போதும்."

"யாருக்குப் போர்வை?"

"பாப்போம்" என்று உள்ளே போய்விட்டாள்.

யாருக்கு என்ற கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் சாப்பிடும்போது அவளே, "உங்க தங்கச்சி கட்டில் என்ன அகலம் இருக்கும்?" என்றாள். எதற்கு என்றேன், சும்மா என்றாள். போன மாதம் உன் வீட்டுக்கு வந்து, சாவி விழுந்துவிட்டது என்று உன் கட்டிலுக்கு அடியில் நான் குனிந்தது ஞாபகம் இருக்கிறதா? சாவி விழவில்லை. அளவு எடுத்தேன். நீ டார்ச் எல்லாம் கொண்டுவந்து தேடினாய், அதற்கு மன்னித்துக்கொள்.

ஆக, போர்வை உனக்கு. ஆனால் எந்த மனசோடு தைக்கிறாள்? சமாதானமா, இல்லை "இந்தா பார், எனக்கா கலர் தெரியாது" என்கிற சவாலா? நாற்பது மாடிக் கட்டடத்து லிஃப்டில் எந்த ரிலே சுவிட்ச் பழுதாயிற்று என்று சத்தத்தை வைத்தே சொன்னவன் நான். உன் அண்ணி விஷயத்தில் அந்தச் சாமர்த்தியம் செல்லுபடியாகவில்லை. பக்கத்தில் இருந்து கவனித்தால் தெரியும் என்று உதவிக்கு இறங்கினேன். வினை அங்கேதான் ஆரம்பம்.

அந்தச் சதுரங்களின் ஓரம் நேராக இல்லை. எலி கடித்த மாதிரி பல் பல்லாக இருந்தது. காசு வாங்கிக்கொண்டு இப்படியா வெட்டி அனுப்புவார்கள் என்று எனக்குக் கோபம். அவள் வேலைக்குப் போனதும் கத்தரிக்கோலும் இரும்பு ஸ்கேலும் எடுத்து வைத்துக்கொண்டு, பற்களையெல்லாம் சீவி ஓரத்தை நேராக்கினேன். பாதிக் கட்டு முடிவதற்குள் கை வலித்தது, மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். எவ்வளவு சுத்தமாக வெட்டியிருந்தேன் தெரியுமா. சீவிய பற்களைக் குப்பையில் போட மனசு வரவில்லை, டூல் பையில் போட்டு வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் முன் அறையில் தரையைத் துடைத்து, சதுரங்களை வரிசையாகப் பரப்பினாள். ஒன்றை வைப்பாள், எழுந்து தள்ளி நின்று பார்ப்பாள், எடுத்து வேறிடத்தில் வைப்பாள். நடுநடுவே போனில் ஒரு அம்மாள் போர்வை தைக்கிற வீடியோ ஓடும். மதியம் வரைக்கும் இதே வேலை. கண் முழுக்கக் கலரில்தான், ஓரத்தை அவள் பார்க்கவில்லை. பிறகு குளிக்கப் போனாள். எனக்கு வேர்த்தது. ஃபேனைப் போட்டேன்.

தங்கச்சி, அதை எப்படி எழுதுவது. அறை முழுக்கப் பட்டாம்பூச்சி. குடைகள் ஒரு பக்கம் பறக்கின்றன, புள்ளிகள் சோபாவுக்கு அடியில் போகின்றன. நான் ஃபேனை அணைத்துவிட்டு, மண்டி போட்டுப் பொறுக்கி, ஞாபகம் இருக்கிற மட்டும் அடுக்கினேன், ஞாபகம் இல்லாத இடத்தில் என் இஷ்டத்துக்கு அடுக்கினேன். பச்சைக்குப் பக்கத்தில் ஆரஞ்சு வந்தது. கிட்ட நின்று பார்த்தால் சண்டை போடுகிற மாதிரி இருந்தது. ஸ்டூல் மேல் ஏறி நின்று பார்த்தேன், இரண்டும் ஒன்றையொன்று எடுப்பாகக் காட்டின. இது எப்படி? இறங்கினேன், சண்டை. ஏறினேன், அழகு. இப்படி ஏறி இறங்கிக்கொண்டு இருக்கும்போதுதான் அவள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.

தரையை வெகுநேரம் பார்த்தாள். "நான் வச்சதா இது?"

"பின்ன யாரு வச்சாங்க?"

பிறகு குனிந்து, வரிசை மாறாமல் எடுத்து அடுக்கிவைத்தாள். எனக்கு உயிர் வந்தது. அந்தத் தெம்பில், மறுநாள் அவள் இல்லாதபோது ஒரு வரிசையை நானே தைத்துவிடலாம் என்று மெஷினில் உட்கார்ந்தேன். தையல் கோணவில்லை. லிஃப்ட் தண்டவாளம் மாதிரி நேராகப் போயிற்று. அந்த நேரைக் குனிந்து ரசித்ததில்தான் விரல் ஊசிக்கு அடியில் போனது.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று நாளில் அவள் வரிசைகளை ஒன்றோடொன்று சேர்க்க ஆரம்பித்தாள். ஒரு வரிசை நீளம், அடுத்தது குட்டை. தையலோடு தையல் சந்திக்கவே இல்லை.

"இந்த வரிசை மட்டும் ஏன் குட்டையா இருக்கு?"

"துணி சுருங்கியிருக்கும்."

"தண்ணியே படலையே."

"காத்துல ஈரம் இருக்குல்ல."

அவள் ஸ்க்ரூடிரைவர் எடுக்க என் டூல் பையைத் திறந்தாள். மெஷினில் ஏதோ இறுக்க வேண்டியிருந்ததாம். கை நிறையப் பற்களோடு வெளியே வந்தாள்.

"இது என்ன?"

"ஓரம்."

"எதோட ஓரம்?"

சொன்னேன். நூல் பிரியக் கூடாது என்றுதான் அப்படிப் பல் வைத்து வெட்டுகிறார்களாம், அந்தப் பல்லின் நுனியிலிருந்துதான் அளவாம். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளோ என்று பயந்துவிட்டேன். "இதை வேற யாருக்காவது தைச்சா பரவாயில்லைங்க. கிட்ட வச்சு ஒவ்வொரு தையலா பாக்கறவ உங்க தங்கச்சி" என்றாள். குரலில் கோபமே இல்லை, தங்கச்சி. பரீட்சைக்குப் போகிற பிள்ளை பேசுகிற மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அவளே எழுந்தாள். "மிச்சத்தையும் அதே அளவுக்கு வெட்டிடுங்க. எல்லாம் ஒண்ணா குட்டையானா யாருக்கும் தெரியாது. குறையற அகலத்துக்கு இந்தப் பட்டையை வச்சுக் கரை கட்டிக்கலாம்." தைத்த வரிசைகளை அவள் பிரித்துக் கொடுத்தாள், நான் வெட்டினேன், அவள் தைத்தாள், நான் தையலை இஸ்திரி போட்டேன். தையல் ஓரத்தை எந்தப் பக்கம் மடிப்பது தெரியுமா? கருத்த துணியின் பக்கம். வெளுத்த பக்கம் மடித்தால் நிழல் தெரியும். இது தெரியாமலே அறுபது வயசைத் தாண்டியிருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போர்வை ஏறக்குறைய முடிந்துவிட்டது. பார்சல் வந்ததும் நீ அவளுக்குப் போன் செய்து, முதலில் கலரைச் சொல்ல வேண்டும். சிரிக்கக் கூடாது. எந்த டாக்டரையும் இழுக்கக் கூடாது. பச்சைக்குப் பக்கத்தில் ஆரஞ்சு இருக்கும், அதைப் பார்க்கக் கட்டில் மேல் ஏறி நிற்கவும். அதுவரை நீ போன் செய்யாதே. பக்குவமாகப் போய்க்கொண்டிருக்கிறது, நடுவில் புகுந்து கெடுக்க வேண்டாம். நான் எழுதியது அண்ணிக்குத் தெரியவே கூடாது.

மாப்பிள்ளைக்கு என் விசாரிப்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, என்னைப் போல அடுத்தவர் பார்சலைப் பிரிக்காமல் வளர என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: இது அண்ணி எழுதுவது. உன் அண்ணன் ஸ்டாம்ப் வாங்கப் போயிருக்கிறார். கவர் ஒட்டாமல் இருந்தது, படித்துவிட்டேன். அந்தத் திரைச்சீலை எனக்கே பிடிக்கவில்லை, தள்ளுபடி என்று எடுத்துவிட்டேன். பஸ்ஸில் நான் ஜன்னலைப் பார்த்தது எனக்குப் பல் வலி என்பதால். நீ பல் டாக்டர் என்று சொன்னதும்தான் வலியே ஞாபகம் வந்தது. மறுநாள் உனக்குப் போன் செய்யப் போனபோது இவர்தான், "அவ ஏதோ வருத்தத்துல இருக்கா, கொஞ்சம் ஆறட்டும், நான் பாத்துக்கறேன்" என்றார். உன்னிடமும் அதையே சொல்லியிருக்கிறார் என்று இப்போதுதான் தெரிகிறது. நீ கோபமாக இருக்கிறாய் என்று நம்பி, சமாதானத்துக்குத்தான் இந்தப் போர்வையை ஆரம்பித்தேன். கோபமே இல்லாத வீட்டுக்கு இத்தனை சதுரம் தைத்திருக்கிறேன். பார்சலில் அனுப்பப் போவதில்லை. ஒரு பக்கக் கரையைத் தைக்காமல் வைத்திருக்கிறேன், சனிக்கிழமை வா, உட்கார்ந்து சேர்ந்து தைப்போம். வருவதை அண்ணனிடம் சொல்லாதே. இந்தக் கடிதத்தை அவர் தபாலில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கட்டும்.