மெழுகுத்துணியில் மடித்த அச்சுமுறுக்கு

பிளாஸ்டிக் ஒழிப்பாளர் என்றொரு இனம் இருக்கிறது. குடியிருப்புக்கு ஒருவர், வாட்ஸ்அப் குழுவுக்கு இருவர் வீதம் இப்போது நாடெங்கும் பரவியிருக்கிறது. கடற்கரையில் குனிந்து குப்பை பொறுக்குகிற நல்லவர்களைச் சொல்லவில்லை. அவர்களுக்குப் பேச நேரம் இருக்காது. நான் சொல்வது வீட்டுக்குள்ளே, அதிலும் அடுப்படிக்குள்ளே புகுந்து ஒழிக்கிறவரை. இவருக்குச் சமைக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. தெரியாமலிருப்பதே பெரும்பாலும் தகுதி. உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரிந்தவருக்கு அந்த டப்பாவைத் தூக்கி எறிய மனம் வருமா?

மும்பை செம்பூரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் இன்னாசிமுத்து இந்த இனத்தின் நல்ல மாதிரி. வயது ஐம்பத்தாறு. இன்சூரன்ஸ் ஆபீசில் சூப்பிரண்டெண்ட். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் ஆபீசில் யாரோ வந்து பிளாஸ்டிக்கைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள். காலையில் மனிதராகப் போனவர் சாயங்காலம் இயக்கமாகத் திரும்பி வந்தார்.

இவரை அடையாளம் கண்டுகொள்ள மீன் மார்க்கெட்டுக்குப் போக வேண்டும். மற்றவர்கள் மீன் வாங்கப் போவார்கள். இவர் பை வாங்காமலிருக்கப் போவார். கையில் எவர்சில்வர் தூக்குவாளி, தோளில் துணிப்பை. மீன்காரி சுஷ்மா வாவல் மீனை வெட்டிக்கொண்டிருக்கும்போதே நாலு கடைக்குக் கேட்கிற குரலில் "தைலி நகோ, தைலி நகோ" என்பார், பை வேண்டாமாம்.

"தைலி தியா கிஸ்னே, அங்கிள்?" என்பாள் சுஷ்மா. பையை யார் கொடுத்தார்கள் என்று கேட்கிறாள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒழிப்பாளருக்கு மறுப்பதில்தான் ருசி. எதிராளி நீட்டினாரா இல்லையா என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். அன்றைக்குத் தூக்குவாளியின் மூடியை வீட்டில் மறந்துவிட்டு வந்ததும், பஸ்ஸில் பக்கத்து ஆள் பேண்ட்டில் மீன் தண்ணீர் சிந்தியதும், அந்த ஆள் மராத்தியில் சொன்னதும் இங்கே தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தால் குடும்பக் கைத்தொழில் நேரம். தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்து அகப்பை செய்ய வேண்டும், முற்றிய பீர்க்கங்காயை உலர்த்திப் பாத்திரம் துலக்கும் நார் எடுக்க வேண்டும், பூந்திக்கொட்டையை ஊறவைத்து நுரையே வராத சோப்புத்தண்ணீர் காய்ச்ச வேண்டும், பழைய சட்டைகளைக் கிழித்துப் பை தைக்க வேண்டும். கிழிப்பது மகள் அனிஷா, தைப்பது மனைவி ஏஞ்சலம்மாள், தேய்ப்பதும் காய்ச்சுவதும் இருவரும் முறைபோட்டு. இன்னாசிமுத்து நாற்காலியில் உட்கார்ந்து யூடியூபைப் பார்த்து அடுத்த கட்டத்தை அறிவிப்பார். சிரட்டையின் கண் வழியாகச் சாம்பார் ஒழுகியது. கைவேலை என்றால் அப்படித்தான் என்றார். வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு பையையோ அகப்பையையோ கையில் கொடுத்து, "எல்லாம் நம்ம வீட்லயே செஞ்சது" என்பார். இதுதான் இந்த இனத்தின் கூவல். யோசனை 'நான்', வேலை 'நம்ம' என்பது அதன் உள்சட்டம்.

ஒருமுறை பாட்டில் கழுவும் தேங்காய்நார் பிரஷ் ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தார். ஏழு சுற்று குமிழிப் பிளாஸ்டிக் தாளில் பொதிந்து வந்தது. அந்தத் தாளை எறிந்தால் மண்ணுக்குக் கேடு, வைத்திருந்தால் மானத்துக்குக் கேடு. மண்ணை நினைத்துக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கிறார்.

பிறகு டப்பாக்களின் முறை வந்தது. ஐஸ்கிரீம் தின்று மிஞ்சிய டப்பா, ஸ்வீட் கடை டப்பா, காசு கொடுத்து வாங்கிய இறுக்கமூடி டப்பா என்று நாற்பதுக்கு மேல் இருந்தன. ஒவ்வொரு மூடியிலும் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு 'ஏ'. அந்தக் கட்டடத்தில் டப்பாக்கள் நடமாடும். வெறும் டப்பாவைத் திருப்பித் தரும் வழக்கமில்லை என்பதால் புட்டோடு போனது கீர்ப் பாயசத்தோடு வரும், அதற்குத்தான் அடையாளம். ஏஞ்சலம்மாள் வேளாங்கண்ணி யாத்திரை போயிருந்த வாரம் பார்த்து அத்தனையையும் இரண்டு சாக்கில் கட்டி, ஆட்டோ பிடித்துத் தாராவிக்குக் கொண்டுபோனார்.

தாராவியில் ஏஞ்சலம்மாளின் தம்பி ஜாபெஸ் பிளாஸ்டிக் அரைக்கும் பட்டறை வைத்திருக்கிறான். டப்பாவைத் தரையில் தட்டி, சத்தத்தை வைத்தே அது என்ன ரகம் என்று சொல்லிவிடுவான். ஒழிப்பைப் பற்றி மேடையில் ஒரு வார்த்தை பேசியதில்லை; நாளுக்கு முந்நூறு கிலோ அரைப்பான். சாக்கைப் பிரித்ததும் மெஷினை நிறுத்தினான்.

"அத்தான், அக்காட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"இதுல கேக்கதுக்கு என்ன இருக்கு மாப்ள? நீ அரைச்சுத் தள்ளு."

ஜாபெஸ் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினான்.

யாத்திரை முடிந்து வந்த ஏஞ்சலம்மாள் காலியான அலமாரியை ஈரத்துணியால் துடைத்தாள். சண்டை வரும் என்று மூன்று பதில்களைத் தயார் செய்து வைத்திருந்த இன்னாசிமுத்துவுக்கு ஒன்றுக்கும் வேலையில்லாமல் போயிற்று. அதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் அவள் துணிப்பையோடு தம்பி வீட்டுக்குப் போய்வந்தாள். பிளாஸ்டிக் போனால் குடும்பத்தில் பாசம் பெருகும் என்று இவர் ஆபீஸ் கேண்டீனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்தது மெழுகுத்துணி. தேன்மெழுகை உருக்கித் துணியில் தடவினால் பண்டம் மடிக்கலாம் என்று ஒரு வீடியோ சொன்னது. தேன்மெழுகுக்கு எங்கே போவது? கோயில் வாசலில் மாதா சிலை இருக்கும் கெபியில் ஜனங்கள் ஏற்றிவிட்டுப் போகும் மெழுகுவர்த்திகளின் அடிக்கட்டைகள் கண்ணில் பட்டன. கோயிலைக் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் சொல்லிவிட்டு ஒரு பை நிறைய அள்ளிக்கொண்டு வந்து காய்ச்சினார்.

"டாடி, இது பேரஃபின்," என்றாள் அனிஷா. கெமிஸ்ட்ரி படிக்கிறவள். "க்ரூட் ஆயில்லருந்து வர்றது. பிளாஸ்டிக்கோட சகா பாய், கூடப்பொறந்த அண்ணன்."

"மாதாவுக்கு ஏத்துன மெழுகு எப்படிம்மா எண்ணெய்க் கெணத்துலருந்து வரும்?" என்றார் இன்னாசிமுத்து. விஞ்ஞானம் இந்த இடத்தில் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு காலேஜுக்குக் கிளம்பியது. அந்த வாரம் அனிஷா மெழுகுத்துணியில் சுற்றிச் சப்பாத்தி கொண்டுபோனாள். பொட்டலத்தைப் பிரித்ததும் முழங்கால் போடத் தோன்றியதாக அவள் தோழி சொன்னாளாம்.

இனிமேல்தான் விஷயம். ஆகஸ்ட் பதினைந்து மாதா விண்ணேற்புத் திருநாள். பங்குக்கோயிலில் பூசைக்குப் பிறகு கொடுக்கும் பலகாரம் எட்டு வருஷமாக ஆனி டீச்சர் வீட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. ஏஞ்சலம்மாளுக்கு அந்த எட்டு வருஷமும் காபி ஊற்றும் வேலை. இந்த வருஷம் டீச்சருக்கு முழங்காலில் ஆபரேஷன். பங்குச்சாமியார் ஏஞ்சலம்மாளைக் கூப்பிட்டு ஐந்நூறு அச்சுமுறுக்கு செய்யச் சொன்னார். ஆகஸ்ட் மழையில் அச்சுமுறுக்கு. ஒன்று நமுத்துப்போனாலும் ஊருக்கே தெரிந்துவிடும். பிறகு ஆயுசு முழுக்கக் காபிதான். அவள் குதிகால் வலியோடு இரண்டு நாள் நின்று பொரித்தாள். இவர் இரண்டு நாளும் ஆபீசில் இருந்தார். இவருக்கும் திருநாளில் ஒரு பங்கு உண்டு. பிளாஸ்டிக்கைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசச் சொல்லியிருந்தார்கள்.

பதினான்காம் தேதி அரைநாள் லீவு போட்டு வீட்டுக்கு வந்தார். அடுக்களையில், பக்கத்து வீட்டு சாயிராவிடம் இரவல் வாங்கிய வெள்ளைப் பிளாஸ்டிக் டிரம் ஒன்று திருகுமூடி போட்டு நின்றது. ஏஞ்சலம்மாள் கோயில் ஜோடிப்பு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"அந்த டிரம்மு பக்கம் போயிராதீங்க," என்றாள்.

போகாதே என்று சொன்ன இடத்துக்குப் போகாத மனிதன் ஆதாமுக்குப் பிறகு பிறக்கவில்லை. நாளைக்குப் பிளாஸ்டிக்கை எதிர்த்துப் பேசப் போகிறவர் வீட்டுப் பலகாரம் பிளாஸ்டிக் டிரம்மில் கோயிலுக்குள் நுழைவதா? டிரம்மைத் திறந்தார். மெழுகுத்துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஐந்தைந்தாக மடித்து, வாழைநாரால் கட்டினார். முறுக்குகளில் சிலது இதழ் உடைந்தும் சிலது ஒருபக்கம் கோணியும் இருந்தன. கைவேலையில் ஒன்றுபோல் ஒன்று வராது என்று ரசித்துக்கொண்டார். ஐந்நூறு என்றாளே, இருபது பொட்டலத்தில் முடிந்துவிட்டதே என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தன் கட்டும் திறமையால் இடம் மிச்சமாகியிருக்கிறது என்று தெளிந்தார். வாழ்நாளில் முதல் தடவையாகத் தன் கையால் ஒரு வேலையை முழுதாக முடித்த சந்தோஷத்தில் பொட்டலங்களைத் துணிப்பையில் அடுக்கி, வெறும் டிரம்மை மூடி வைத்தார்.

மழை விடிய விடியப் பெய்தது. காலையில் ஒரு பொட்டலத்தைப் பிரித்து ஒரு முறுக்கை ஒடித்துப் பார்த்தார். ஒடியவில்லை, வளைந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் பணிவாக வளைந்தது. முகர்ந்தார். ஒன்பது நாள் நவநாள் முடிந்த கெபியின் வாசனை வந்தது. எட்டு வருஷக் காபி, இரண்டு நாள் அடுப்பு, அந்தக் குதிகால் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தன. இதை என்ன சொல்லிச் சமாளிக்கலாம் என்று தேடினார். இரண்டு வருஷச் சொற்பொழிவில் ஒரு வரிகூட உதவிக்கு வரவில்லை.

ஏஞ்சலம்மாள் கண்ணாடி முன் நின்று சேலைக்கு ஊக்கு குத்திக்கொண்டிருந்தாள்.

"ஏஞ்சல், முறுக்கெல்லாம் நமுத்துப்போச்சு," என்றார். "துணியில மாத்தி வச்சேன். நான்தான் செஞ்சேன்."

செய்த வேலைக்கு 'நம்ம' என்று சொல்லாமல் 'நான்' என்று சொன்னது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை. அவள் அவர் கையிலிருந்த முறுக்கை வாங்கி, வளைத்துப் பார்த்து, அவர் வாயில் வைத்தாள்.

"தின்னுங்க."

தின்றார்.

"எப்படி இருக்கு?"

"கோயில் மாதிரி இருக்கு."

அழைப்பு மணி அடித்தது. ஜாபெஸ் இரண்டு சாக்கோடு நின்றான். நடுக்கூடத்தில் அவிழ்த்தான். வரிசையாக டப்பாக்கள், ஒவ்வொரு மூடியிலும் சிவப்பு 'ஏ', உள்ளே பூப்போல அச்சுமுறுக்குகள். அனிஷா ஒன்றை எடுத்து ஒடித்தாள். அந்தச் சத்தம் அடுக்களை வரைக்கும் கேட்டது.

"நீ இத அரைக்கலையா மாப்ள?"

"அக்கா பேரு போட்டுருக்கத எப்படி அத்தான் மிஷின்ல போடுவேன்? பருப்பு, பொடி, வத்தல் எல்லாம் அக்கா இதுலதான் எங்க வீட்ல வச்சிருக்கா. சனிக்கிழம சனிக்கிழம வந்து எடுத்துட்டுப் போவா. நல்ல முறுக்கையெல்லாம் பொரிக்கப் பொரிக்க நான் வந்து எடுத்துட்டுப் போயிட்டேன்."

"அப்ப டிரம்முல இருந்தது?"

"ஒடஞ்சது, கோணுனது, மொத ஈட்டுல கருகுனது," என்றாள் ஏஞ்சலம்மாள். "மாதா மெழுக நீங்க காய்ச்சுன அன்னைக்கே நெனச்சேன். பக்கம் போகாதீங்கன்னு சொன்னா அதுக்குள்ளதான் போவீங்க, மத்ததத் தேட மாட்டீங்கன்னு தெரியும்."

ஒழிப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் வரவில்லை, முப்பது வருஷமாகத் தன்னை ஒருத்தி இவ்வளவு கவனமாகப் படித்து வைத்திருக்கிறாளே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இன்றைக்கு எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார்.

கோயிலில் டப்பாக்களிலிருந்து முறுக்கை அவர் வீட்டுத் துணிப்பைகளுக்கு மாற்றிப் பந்தியில் கொடுத்தார்கள். வெளியே மழை, உள்ளே மொறுமொறு என்று ஐந்நூறு வாய். அவருடைய ஐந்து நிமிஷப் பேச்சு அந்தச் சத்தத்தில் ஒருவருக்கும் கேட்கவில்லை. முடிந்ததும் ஆனி டீச்சர் கைத்தடியை ஊன்றி ஏஞ்சலம்மாளிடம் வந்து, "அடுத்த வருஷமும் நீதான் செய்யணும்," என்று சொன்னார். ஏஞ்சலம்மாள் முகத்தில் எட்டு வருஷக் களைப்பு இறங்கிப்போயிற்று. பிறகு டீச்சர் இன்னாசிமுத்துவின் பக்கம் திரும்பினார்.

"இந்த மழையில, துணிப்பையில வச்சும் எப்படி நமுக்கல?"

இதுதான் நேரம். அவர் மனைவியைப் பார்த்தார். ஜாபெஸைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எல்லாம் நம்ம வீட்லயே செஞ்சது, டீச்சர்," என்றார்.

இதைப் படித்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஒரு துணிப்பை நிறையத் துணிப்பைகள் தொங்குகின்றனவா? கடைக்காரர் நீட்டாத பையை என்றைக்காவது மறுத்திருக்கிறீர்களா? உங்கள் அடுக்களையில் பிளாஸ்டிக்கே கிடையாது என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களா? அப்படியானால் ஒருநடை உங்கள் வீட்டம்மாவின் தம்பி வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது நல்லது. நான் போன சனிக்கிழமை கல்யாண் ஊரில் இருக்கும் என் மனைவியின் தம்பி வீட்டுக்குப் போய்வந்தேன். மைத்துனர் வீட்டில் காபி கொடுத்தார்கள். சர்க்கரை எங்கள் வீட்டு டப்பாவிலிருந்து வந்தது.