லூனெவீ நகராட்சியின் கேக் விதி

மாவு, முட்டை, சர்க்கரை ஆகிய மூன்றை மட்டுமே ஆயுதமாக ஏந்திக் கணினித் திருடர்களை எதிர்த்து நின்ற ஒரே அரசு அலுவலகம் உலகத்திலேயே டென்மார்க்கின் லூனெவீ நகராட்சிதான். அந்தப் பெருமை முழுவதும் அதன் தகவல் பாதுகாப்புத் தலைவர் ப்ரேபனையே சேரும். வேறு யாரும் பங்கு கேட்டதில்லை.

ப்ரேபனின் 'கேக் விதி' மிக எளிமையானது. கணினியைப் பூட்டாமல் நாற்காலியை விட்டு எழுந்தவர் குற்றவாளி. பக்கத்தில் இருக்கும் எவரும் அந்தக் கணினியில் உட்கார்ந்து, குற்றவாளியின் பெயரிலேயே, "நாளை எல்லோருக்கும் என் செலவில் கேக்" என்று அலுவலகம் முழுமைக்கும் மின்னஞ்சல் தட்டிவிடலாம். மறுநாள் குற்றவாளி கேக்கோடு வந்தாக வேண்டும். மேல்முறையீடு கிடையாது.

விதி அமோக வெற்றி பெற்றது. கேக் இல்லாத நாளே இல்லை என்றாயிற்று. யாராவது அடுத்தவர் கணினியில் உட்கார்ந்து களுக்கென்று சிரித்துக்கொண்டிருந்தால், 'பாதுகாப்புப் பணி நடக்கிறது' என்று புரிந்துகொண்டு எல்லோரும் கண்ணடித்துவிட்டு நகர்ந்தார்கள். ப்ரேபனின் இடுப்பு வார் ஆண்டுக்கு ஒரு துளை முன்னேறியது. அதை ஆண்டறிக்கையில் அவர் சேர்க்காதது வெறும் தன்னடக்கம்.

ஒரே ஒருத்திதான் ஒத்துழைக்க மறுத்தாள். வரவேற்பு மேசை டோர்த்தெ. தண்ணீர் குடிக்க எழுந்தாலும் கணினியைப் பூட்டிவிட்டுத்தான் எழுவாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு கேக்கூடக் கொண்டுவந்ததில்லை. கஞ்சம் என்று பேசிக்கொண்டார்கள். காரணம் ப்ரேபனுக்குத் தெரியும். டோர்த்தெயின் முன்னாள் கணவன் அவள் வீட்டுக் கதவை ஒருமுறை உதைத்தே பெயர்த்தவன். அதனால் நகராட்சியின் 'மறைக்கப்பட்ட முகவரிகள்' பட்டியலில் அவள் பெயர் இருந்தது. அவள் வீட்டுத் தபால் பெட்டியில் பெயர்கூடக் கிடையாது.

ஒரு மழை நாளில் நகராட்சிக்கு ஒருவன் வந்தான். இரண்டு கையிலும் ஒரு பெரிய பெட்டி, மார்பில் 'பிரிண்டர் பழுது' என்று ஒரு வில்லை. கணக்குப் பிரிவு அம்மாள் தன் அட்டையைத் தேய்த்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள். நனைகிறவனிடம் 'நீ யார்' என்று கேட்பது லூனெவீயில் அநாகரிகம்.

பூங்கா இலாகா நீல்ஸ் வழக்கம்போல் கணினியைத் திறந்து போட்டுவிட்டுக் காபிக்குப் போயிருந்தான். வந்தவன் அதில் உட்கார்ந்தான். ப்ரேபன் அந்தப் பக்கம் வந்தார். அவன் விரல்கள் அப்படியே நின்றன. ப்ரேபனின் முகம் மலர்ந்தது.

"நீல்ஸோடதா? மாட்டினான்டா! அடி, அடி, சீக்கிரம் அடி!"

"ஆ... ஆமா."

"ப்ருன்ஸ்வீகர் கேக்னு போடு. மேல சர்க்கரைப் பாகு வழியணும்னு சேர்த்துப் போடு. போன தடவை காய்ஞ்ச கேக்கைக் கொண்டுவந்து ஏமாத்திட்டான், பாவி."

"இன்னும் கொஞ்ச நேரம் ஆகுமே."

"அவ்வளவு நீளமாவா எழுதறே? பலே! நான் போய் அவனைக் காபி மெஷின்கிட்டயே பிடிச்சு வைக்கறேன்."

சொன்னபடியே செய்தார். பீச் மரங்களுக்கு வரும் பூஞ்சை நோய் பற்றி நீல்ஸிடம் அதுவரை இல்லாத அக்கறையோடு விசாரித்தார். நீல்ஸ் நெகிழ்ந்துபோய் வேர் வரை விளக்கினான். அப்போது டோர்த்தெ வந்து ப்ரேபனைத் தனியே இழுத்தாள்.

"நீல்ஸ் இடத்துல உட்கார்ந்திருக்கறது யாரு?"

"உஷ்! கேக் போடறான்."

"ஆள் யாருன்னு கேட்டேன்."

"கேக் போடறவனைப் போய் யாருன்னு கேப்பாங்களா? உனக்கு நட்பா பழகவே தெரியலை, டோர்த்தெ."

அவள் ஓடிப் பார்த்தபோது நாற்காலி காலியாக மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.

மறுநாள் தட்டுகள் அடுக்கியாயிற்று. மேசையில் சின்னக் கொடிகள் நட்டாயிற்று. கேக் வரவில்லை. நகராட்சியின் வரலாற்றில் முதல்முறையாகப் பாதுகாப்பு அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது.

"எனக்கு எந்த மெயிலும் வரலையேப்பா!" என்றான் நீல்ஸ்.

"எங்களுக்கும் வரலை. அப்போ நேத்து அவன் அவ்வளவு நேரம் என்னதான் எழுதினான்?" என்றார் ப்ரேபன்.

நீல்ஸின் கணினியைத் திறந்து பார்த்தார்கள். அவன் எதையும் எழுதவில்லை. மறைக்கப்பட்ட முகவரிகள் பட்டியலை அப்படியே நகல் எடுத்துக்கொண்டு போயிருந்தான். அன்று மதியமே அது இணையத்தில் விற்பனைக்கு வந்துவிட்டது.

டோர்த்தெ மெதுவாகத்தான் கேட்டாள். "மரம் நடற இலாகா கம்ப்யூட்டர்ல என் வீட்டு விலாசம் எதுக்குத் திறக்குது?"

"இது நம்பிக்கையில நடக்கற ஆபீஸ்மா. ஒருத்தருக்குக் காட்டி ஒருத்தருக்கு மறைச்சா மனசு புண்படும்," என்றார் ப்ரேபன்.

"நான் அதை ஒருநாளும் திறந்து பார்த்ததில்ல!" என்றான் நீல்ஸ், அழாத குறையாக.

"நீ பார்க்கலை, நீல்ஸ். உன் நாற்காலி பார்த்திருக்கு," என்றாள் டோர்த்தெ.

கூட்டத்தில் தீர விவாதித்தார்கள். கடவுச்சொல் எதுவும் உடைக்கப்படவில்லை. பூட்டு எதுவும் பெயர்க்கப்படவில்லை. எனவே 'பாதுகாப்பு ஏற்பாடுகள் முழுத் திருப்தியளிக்கின்றன' என்று தீர்மானம் நிறைவேறியது. விதிப்படி நீல்ஸ் கேக் கொண்டுவந்தான். அந்த வாரமே டோர்த்தெ ஒரு பூனையோடும் சில அட்டைப்பெட்டிகளோடும் வீடு மாறினாள். எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லை. சட்டப்படி அந்தப் பட்டியலில் மட்டும் புது விலாசத்தைப் பதிந்தாள்.

ப்ரேபனுக்கு நீல்ஸின் கேக் தொண்டையில் இறங்கவில்லை. யோசித்துப் பார்த்தால் குற்றவாளி தானே என்று பட்டது. காவலுக்கு நின்றவர் அவரல்லவா? சனிக்கிழமை தன் கையாலேயே ப்ருன்ஸ்வீகர் சுட்டார். முதலாவது கருகியது. இரண்டாவதை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒற்றைக் கையால் சைக்கிளை ஓட்டி, பெயர்ப்பலகை இல்லாத ஒரு வீட்டு மணியை அடித்தார்.

கதவு சங்கிலி நீளத்துக்குத் திறந்தது. இடுக்கில் ஒரு கண் தெரிந்தது.

"ப்ரேபனா?"

"மன்னிச்சிடு, டோர்த்தெ. விதின்னா எனக்கும் விதிதானே. நானே பண்ணினேன். நடுவுல கொஞ்சம் வேகலை."

அந்தக் கண் கனிந்தது. ஒரு கை சங்கிலியை விடுவிக்க மேலே போனது. பாதியில் நின்றது.

"நான் இங்க இருக்கேன்னு உனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலை," என்றார் ப்ரேபன் பெருமையோடு. "நேத்து நீல்ஸ் காபி குடிக்கப் போனான் பாரு, அப்போ அவன் கம்ப்யூட்டர்ல..."

கதவு சாத்திக்கொண்டது. கேக்கோடு நின்ற ப்ரேபனின் காதில், உள்ளே அட்டைப்பெட்டி ஒட்டும் டேப் சர்ரென்று கிழிபடும் சத்தம் விழுந்தது.