உங்கள் மகள் வாங்கிய சீனக் கார் விஷயமாக

ஆடி, ஆக்லாந்து.

மரியாதைக்குரிய சம்பந்தி ரங்கமன்னார் அவர்களுக்கு, கோதண்டராமன் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் ரத்னாவும் நலம். உங்கள் மகள் சிந்துவும் என் பையன் ராம்பிரசாத்தும் நலம். ஊரிலிருந்து வந்து சேர்ந்த சம்பந்தி அம்மாளும் நலம். கார் எங்கள் எல்லோரையும் விட நலம். சென்னை வெயிலில் உங்கள் முழங்கால் வலி சற்றே தணிந்து, நீங்கள் பழையபடி காலை நடைக்குப் போய் வருவீர்கள் என்று நம்புகிறேன்.

சென்ற வியாழக்கிழமை சம்பந்தி அம்மாள் இங்கே விமான நிலையத்தில் பெட்டியும் கையுமாக வெகுநேரம் காத்திருக்க நேர்ந்தது. போனில் நான் மன்னிப்புக் கேட்டபோது நீங்கள் "பரவாயில்லை" என்றீர்கள். நீங்கள் அந்தப் பரவாயில்லையைச் சொன்ன விதத்தில் அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பெண்ணைக் கொடுத்த இடத்தில் பெண்ணின் அம்மாவை அழைக்க ஓர் ஆள் வரவில்லை என்று நாளைக்கு நாலு பேர் பேசக்கூடாது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். குற்றவாளி நானல்ல, அந்தக் கார்.

எங்களிடம் ஒரு பழைய ஜப்பான் கார் இருந்தது உங்களுக்குத் தெரியும். பெட்ரோல் ஊற்றினால் ஓடும், மற்றபடி வாயே திறக்காது. அதை விற்றுவிட்டு உங்கள் மகள் இந்தச் சீனத்து மின்சாரக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினாள். சீனா என்றால் எனக்கு மடக்குக் குடையும் பொம்மையும்தான் ஞாபகம் வரும். "காரு கூடவா அவங்க கிட்ட?" என்று கேட்டேன். அவ்வளவுதான், உங்கள் மாப்பிள்ளை ஆரம்பித்துவிட்டான். "அப்பா, அங்க இப்ப விக்கிற புதுக் காருல பாதிக்கு மேல ப்ளக் போடுற காருதான். கம்பெனிக்குக் கம்பெனி போட்டி, விலையை அடிச்சு இறக்குறாங்க. காரை அனுப்ப கப்பலே சொந்தமா கட்டுறாங்க. பிரேசில், தாய்லாந்து, ஐரோப்பான்னு எல்லா ஊருலயும் இறங்குது." எல்லா ஊரிலும் இறங்கட்டும், நம் வீட்டில் ஏன் இறங்க வேண்டும் என்று கேட்டால் போனை எடுத்துக் காரின் படத்தைக் காட்டுகிறான். பக்கத்து வீட்டு சற்குணம் யாழ்ப்பாணத்துக்காரர், தங்கமான மனுஷன். அவராவது என் பக்கம் பேசுவார் என்று பார்த்தால், அவர் வாசலில் அதே சீனத்துச் சரக்கு இரண்டு நிற்கிறது. "கொழும்பிலயும் இப்ப இதுதான் அண்ணை ஓடுது. என்ர தம்பியும் ஒண்டு எடுத்திட்டான்" என்கிறார். எங்கள் தெருவில் பெட்ரோல் வாசனை பிடிக்க வேண்டுமென்றால் புல் வெட்டும் மெஷின் பக்கத்தில்தான் போய் நிற்க வேண்டும்.

வாங்கினார்கள், போகட்டும். அது சும்மா இருக்கிறதா? ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு கேமரா, ஓட்டுகிறவன் முகத்தையே முறைத்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் திரும்பினால் டிங். கொட்டாவி விட்டால் டிங். என் கண் பிறவியிலேயே சின்னது, அதற்கு மேல் இந்தத் தடிக் கண்ணாடி. நான் தூங்குகிறேன் என்று முடிவு கட்டி, காபிக் கோப்பை படம் போட்டு ஓய்வெடுக்கச் சொல்கிறது. ஓய்வு பெற்று ஒன்பது வருஷமாச்சு, இதுக்கு மேல எங்கே போய் ஓய்வெடுக்கிறது? ரத்னாவுக்கு இதில் தாங்க முடியாத சந்தோஷம். "நான் இத்தனை வருஷம் சொன்னதை அது ஒரு வாரத்துல கண்டுபிடிச்சிருச்சு பாருங்க" என்கிறாள்.

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன். அன்றைக்கு உங்கள் மாப்பிள்ளைக்கு வெலிங்டனில் மீட்டிங், உங்கள் மகளுக்கு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் டியூட்டி. "மாமா, நீங்க போய் அம்மாவைக் கூட்டிட்டு வந்துடுங்க, கார் தானா பார்த்துக்கும்" என்று சிந்து சாவியைக் கொடுத்தாள். சாவியா அது, பரீட்சை ஹால் டிக்கெட் மாதிரி ஓர் அட்டை. முந்தின ராத்திரி காரை ப்ளக்கில் மாட்டியிருந்தார்கள். அதே நேரத்தில் ரத்னா, சம்பந்தி வருகிறார்களே என்று மின்சார ஓவனில் பிஸ்கட் சுட்டாள். ஹீட்டரும் ஓடியது. ட்ரிப் சுவிட்ச் விழுந்தது. வீட்டு விளக்கு வர வேண்டும் என்று ஒரு பக்கத்துச் சுவிட்சை மட்டும் தூக்கிவிட்டிருக்கிறார்கள், கார் இருந்த பக்கம் செத்தே கிடந்திருக்கிறது. காலையில் நானும் ரத்னாவும் மழையில் புறப்பட்டுப் பாதி வழி போன பிறகு திரையில் சிவப்பாக ஒரு பேட்டரி படம் வருகிறது. "ஹீட்டரை அணைடி, சார்ஜ் இறங்குது" என்றேன். "குளிர்ல நான் விறைச்சா பரவாயில்லை, உங்க காரு விறைக்கக் கூடாதா?" என்றாள். அது என் கார் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

வேறு வழியில்லாமல் ஒரு கடைத்தொகுதியின் கார் பார்க்கில் இருந்த சார்ஜரைத் தேடிப் போனேன். எங்களுக்கு முன்னால் வரிசை. அத்தனையும் சீனத்துக் கார்கள், கல்யாண வீட்டில் ஒரே கலர் புடவை கட்டிய நாத்தனார்கள் மாதிரி. எங்கள் முறை வந்து கேபிளை மாட்டினால் சார்ஜர் வேலை செய்யவில்லை. போனில் ஆப் வேண்டுமாம். ஆப்புக்குப் பாஸ்வேர்டு வேண்டுமாம். பாஸ்வேர்டு உங்கள் மாப்பிள்ளையிடம், உங்கள் மாப்பிள்ளை மீட்டிங்கில், போன் அணைத்துக் கிடக்கிறது. பின்னால் நின்ற வெள்ளைக்காரப் பெண் இறங்கி வந்து, "ஆர் யூ ஓகே, மேட்?" என்று கேட்டாள். சம்பந்தி, யோசித்துப் பாருங்கள். நான் மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவன். ஒரு தாலுகாவுக்கே கரண்ட் கொடுத்தவன். புயலில் விழுந்த கம்பத்தை விடிவதற்குள் நிமிர்த்தி ஊரை வெளிச்சமாக்கியவன். கையில் ஒயரைப் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு காருக்குக் கரண்ட் வாங்கத் தெரியாமல் மழையில் நனைந்துகொண்டு நின்றேன். அந்தப் பெண்ணிடம் ஓகே என்றுதான் சொன்னேன்.

கடைசியில் சற்குணத்துக்குப் போன் போட்டேன். "அதிலயே நில்லுங்கோ அண்ணை, நான் வாறன்" என்றார். வந்தார், தன் போனை இரண்டு தட்டுத் தட்டினார், சார்ஜ் ஏறியது. "இதுக்கே இப்பிடிக் கவலைப்படுறியள்? நானும் முதல் நாள் இப்பிடித்தான் முழிச்சனான்" என்றார். அவர் பொய் சொல்கிறார் என்று தெரிந்தும் ஆறுதலாக இருந்தது. நாங்கள் விமான நிலையம் போய்ச் சேர்ந்தபோது சம்பந்தி அம்மாள் ஒரு தூண் ஓரமாக, பெட்டிமேல் கை வைத்தபடி தனியாக உட்கார்ந்திருந்தார்கள். ரத்னா ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குத்தான் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "வழியில மழையாமே, பத்திரமா வந்தீங்களா?" என்று அவர்கள் என்னைக் கேட்டார்கள். திட்டியிருந்தால் தேவலை.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். நான் சொன்னால் கிழவன் புலம்புகிறான் என்பார்கள். நீங்கள் அப்பா, உங்கள் சொல்லுக்கு உங்கள் மகள் கட்டுப்படுவாள். அந்தக் காரை விற்றுவிட்டு, பேசாத, முறைக்காத, பெட்ரோல் குடிக்கிற கார் ஒன்றை வாங்கச் சொல்லி நாலு வார்த்தை அழுத்தமாகச் சொல்லுங்கள். சொந்த வீட்டு வாசலில் என்னால் தலை நிமிர்ந்து நடக்க முடியவில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், சின்னவர்களுக்கு எங்கள் இருவர் ஆசியும். எல்லோரும் நோய்நொடியில்லாமல் நிறைவாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
கோதண்டராமன்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் ரத்னா இதை வாங்கிப் படித்தாள். "திரும்பி வரும்போது நடந்ததை யார் எழுதுவா?" என்று கேட்டாள். எழுதுகிறேன். மோட்டார்வே என்கிற நெடுஞ்சாலையில் இரண்டு பக்கமும் கடல் வருகிற இடத்தில், சம்பந்தி அம்மாளுக்குக் காட்டலாம் என்று நான் முழுசாகப் பின்னால் திரும்பி, "அதோ பாருங்க" என்றேன். அந்த நேரம் முன்னால் போன லாரி நின்றுவிட்டது. நான் பார்க்கவில்லை. ரத்னா பார்த்தாள், ஆனால் அவளுக்குச் சத்தம் வரவில்லை. கார் தானாகவே நின்றது. லாரியின் பின்பலகையில் இருந்த பொடி எழுத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே படிக்க முடிந்தது. பிறகு சம்பந்தி அம்மாள், "கடல் நல்லாத்தான் இருக்கு" என்றார்கள். இதை உங்களிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார்கள், ஆகவே உங்களுக்கு இது தெரியாது. சிந்துவிடம் காரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசிவிடாதீர்கள். இன்று காலையில் நான்தான் அதைக் கழுவித் துடைத்தேன்.