ஆறாம் படியில் ஒரு தீர்ப்பு

வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்று நாளும் நண்பர்களோடு மலைக்குப் போவது என்று முடிவெடுத்தேன். பெண்டாட்டியிடம் மூச்சுவிடாமல் டிக்கெட்டும் எடுத்துவிட்டேன். வீட்டில் ஐந்து வயதில் இரட்டை வால்கள். தினம் நாலு வேளை கண்ணில் சொட்டு மருந்து விடவேண்டிய என் அப்பா. இவர்களை அவள் தலையில் கட்டிவிட்டு நழுவ எனக்கு ஒரு தத்துவம் தேவைப்பட்டது. அது அலுவலகப் பயிற்சி வகுப்பில் ஓசியில் கிடைத்தது.

வியாழன் சாயங்காலம் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு ஆரம்பித்தேன். அவள் கோர்ட்டில் டைப்பிஸ்ட். வீட்டுக்கு வந்தும் லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருந்தாள்.

"மனுஷனோட ஒழுக்கம் ஆறு படி ஏறுதாம். பொம்பளைங்க மூணாம் படியிலேயே நின்னுடறாங்களாம், அவங்க மனசு நோகுமே, இவங்க வருத்தப்படுவாங்களேன்னு. ஆம்பளைங்கதான் நியாயம், உரிமைன்னு மேல போறோம்."

"யாரைக் கேட்டுக் கண்டுபிடிச்சாங்க?"

"நிறைய பசங்களை வருஷக்கணக்கா கேட்டாங்களாம்."

"பொண்ணுங்களை?"

"அது... கேக்கலை போல."

"ஆம்பளைங்க காலுக்கு அளவெடுத்துப் படி கட்டிட்டு, பொம்பளைங்களுக்கு ஏறத் தெரியலைன்னா எப்படிங்க? யாரும் மறுத்துப் பேசலையா?"

"மத்தியானம் ஒரு அம்மா என்னமோ பேசினாங்க. சாப்பாடு கொஞ்சம் பலம். தூங்கிட்டேன்."

அவள் சண்டைக்கு வரவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

"சரி ஆறாம் படிக்காரரே, ஒரு வழக்கு. நீங்களே தீர்ப்பு சொல்லுங்க. புருஷன் பெண்டாட்டி, ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. குழந்தைங்க இருக்கு, வயசானவர் இருக்கார். ஒருத்தர் மட்டும் சொல்லாம கொள்ளாம மூணு நாள் ஊர் சுத்தக் கிளம்பறார். நியாயமா?"

டிக்கெட்டைப் பார்த்துவிட்டாள் பாவி. "ரொம்பத் தப்பு" என்று நான் வாயைத் திறந்ததும் கப்பென்று பிடிப்பாள். நானா மாட்டுவேன்?

"போறவரைத் தடுக்கக் கூடாது. தனிமனித சுதந்திரம். அனுமதிகூட கேக்க வேண்டியதில்லை."

"வீட்டுல இருக்கறவர்?"

"குழந்தைங்க, பெரியவர், எல்லாம் அவர் பொறுப்பு. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது. சும்மா சும்மா போன் பண்ணக் கூடாது."

"போறது ஆணா பெண்ணான்னு பார்க்க வேண்டாமா?"

"நியாயத்துக்கு ஆண் பெண் கிடையாது. அதான் ஆறாம் படி."

"அப்பீல்?"

"கிடையாது."

நான் சொல்லச் சொல்ல மடமடவென்று தட்டினாள். பிரிண்ட் எடுத்து நீட்டினாள். வாழ்க்கையில் என் முதல் தீர்ப்பு. தேதியோடு கையெழுத்துப் போட்டேன்.

அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கட்டிலடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்தாள். துணியெல்லாம் ஏற்கெனவே அடுக்கியிருந்தது.

"நாளைக்குக் காலைல ஆறு மணி பஸ். எங்க ஆபீஸ் பொம்பளைங்க நாலு பேர் கடலுக்குப் போறோம். திங்கக்கிழமை வந்துடுவேன்."

"அப்ப என்னோட..."

"என்ன? நீங்க எங்கயாவது போறீங்களா?"

"நான் எங்க போகப் போறேன்" என்றேன். டிக்கெட் விஷயம் அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"இவங்க மூணு பேரையும் எனக்குப் பார்த்துக்கத் தெரியாதும்மா" என்று கெஞ்சினேன். "அக்கறையெல்லாம் பொம்பளைங்களுக்குத்தான் தானா வரும்."

"உங்களுக்குச் சட்டப்படி வரட்டும்" என்று சொட்டு மருந்தை என் கையில் வைத்தாள்.