பதினான்கு மூக்குகளுக்குச் சந்தனம்

எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் எனக்குக் கை துறுதுறுக்கும். ஒரு பொட்டு வைக்காமல் நகர மாட்டேன். இது பக்தியா வியாதியா என்று என் மனைவி செல்விக்கு இன்னும் சந்தேகம். கல்யாணமான புதிதில் அவள் கொண்டுவந்த மிக்சிக்கு நான் வழிய வழியச் சந்தனம் வைத்ததில், முதல் சட்னியே கோயில் வாசனையோடுதான் வந்தது. (பிரசாதம் என்று சொல்லி நான் மட்டும் சாப்பிட்டேன்.) இந்தக் கையைத்தான் ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனி, ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளும் வேலைக்கு எடுத்தது.

கம்பெனி பெயர் வேண்டாம். பல நாடுகளில் கிளை உள்ளவர்கள். திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் அவர்களுடைய குளிர்பதனக் கிடங்கு இருந்தது. கப்பலேற வேண்டிய இறால் உள்ளே பாறையாக உறைந்து கிடக்கும். குளிரூட்டுவதற்கு அம்மோனியா வாயு குழாய்களில் ஓடும். அது கசிந்தால் கண் எரியும், நெஞ்சு அடைக்கும், அதிகம் கசிந்தால் ஆளே இருக்க மாட்டான். அதற்காகச் சுவர்களில் பதினான்கு வெள்ளைப் பெட்டிகள், ஒவ்வொன்றும் சோப்பு டப்பா அளவு. வாயுவை மோப்பம் பிடித்து ஊளையிடுவது அவற்றின் வேலை. தினமும் காலையில் அவற்றைச் சுற்றிப் பார்த்து, அச்சடித்த தாளில் டிக் போடுவது என் வேலை. பத்தாவது பெயிலான எனக்குத் தலையில் ஹெல்மெட், கழுத்தில் அட்டை, பையில் பேனா. தெருவில் ‘ஆபீசர்’ என்று கேலியாகக் கூப்பிட்டார்கள். நான் கேலி என்று தெரியாமல் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. “உள்ளே கற்பூரம், ஊதுவத்தி எதுவும் கூடாது, சந்தனம் குங்குமத்தோட முடிச்சுக்கோங்க” என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்கவில்லை. கம்பெனியின் விதியை அவ்வளவு சுத்தமாக மதித்த நாள் அது ஒன்றுதான்.

எனக்கு ஸ்டூல் பிடித்தவன் சேவியர். நெட்டுக்குப்பத்துக்காரன். ஆற்று முகத்துவாரத்தில் வலை போட்டுக்கொண்டிருந்தவன், தண்ணீரில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்து மீன் அற்றுப்போன பிறகு இங்கே பராமரிப்பு வேலைக்கு வந்தான். பெட்டிகளைத் துடைத்து வைப்பது அவன் பொறுப்பு.

“அண்ணே, இந்த டப்பாவுக்கும் வெச்சுடு. அதுவும் லீவு இல்லாம வேல செஞ்சிகினு கீது.”

“நீ ஸ்டூல கெட்டியா புச்சிக்கோ நைனா. நான் வுயுந்தா யாரு டிக் போடுறது?”

பெட்டியின் முன்பக்கம் கம்பெனி முத்திரை இருந்தது. அதன்மேல் வைத்தால் மரியாதை இல்லை. பச்சை விளக்கையும் மறைக்கக் கூடாது. கீழே பார்த்தேன். பொட்டுக்கென்றே அளவெடுத்த மாதிரி ஒரு வட்டம், அதில் மெல்லிய கம்பி வலை. கொஞ்சம் பள்ளமாக வேறு இருந்ததால் சந்தனம் அம்சமாக உட்கார்ந்தது. பதினான்குக்கும் கட்டைவிரலால் அழுத்தி வைத்து, நடுவில் குங்குமம் இட்டு, இறங்கி நின்று கும்பிட்டேன். சேவியரும் சிலுவை போட்டுக்கொண்டான்.

மூன்று வாரம் கழித்துத் தலைமை அலுவலகம் ஒரு சோதனை அதிகாரியை அனுப்பியது. சூட்டு கோட்டு வெள்ளைக்காரரை எதிர்பார்த்து இரண்டு நாளாகக் ‘குட்மார்னிங்’ பழகி வைத்திருந்தேன். வந்தவர் கோயம்புத்தூர் அம்மா ஒருவர். கையில் சின்ன எரிவாயு லைட்டர் மாதிரி ஒரு குப்பி, அதில் சோதனைக்கென்று துளி வாயு. முதல் பெட்டியின் வலையில் குழாயை வைத்து அழுத்தினார்.

பச்சை விளக்கு நிம்மதியாக எரிந்தது. சத்தம் இல்லை.

இரண்டாவது பெட்டியிலும் சத்தம் இல்லை. மூன்றாவதில் அந்த அம்மா நகத்தால் வலையைச் சுரண்டினார். மஞ்சள் பொடி உதிர்ந்தது.

“இது என்னங்க?”

“சந்தனங்க மேடம்.” (சும்மா இருக்காமல், “நல்ல சந்தனம்” என்றும் சேர்த்தேன்.)

“அதோட மூக்குங்க இது. இது வழியாத்தான் வாயுவை மோந்து பாக்கணும்.”

பிறகு என் தாள்களைக் கேட்டார். ‘வலை சுத்தமாக உள்ளது’ என்ற கட்டத்தில் மூன்று வாரமும் டிக். நான் விளக்கைத்தான் பார்ப்பேன், வலையைப் பார்த்ததே இல்லை. வாரம் முழுவதற்கும் திங்கட்கிழமையே டிக் போட்டுவிடும் பழக்கம் வேறு. அந்த அம்மா ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

“இன்னைக்குப் புதன்கிழமைங்க. சனிக்கிழமையும் சுத்தமா இருக்குன்னு போட்டிருக்கீங்களே.”

இரண்டு நாள் பழகிய ‘குட்மார்னிங்’ மட்டும் வாய்வரை வந்து நின்றது.

மேனேஜர் என்னைத் தனியே இழுத்தார். “சாமி, வாயத் திறக்காத. துடைக்கிறது சேவியர் வேலை. அவன் மேல எழுதி, அவன அனுப்பிட்டா கம்பெனி தப்பிச்சிடும். நீயும் தப்பிச்சிடுவ.”

சேவியர் நாலடி தள்ளி நின்றிருந்தான். காதில் விழுந்துவிட்டது.

“அண்ணே, நான் ஸ்டூலுதானே புச்சேன்” என்றான். கோபமே இல்லை அந்தக் குரலில். ஆற்றையே இழந்து வந்தவன், இதுவும் போகப்போகிறது என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்ட குரல். “மீன் புடிக்கிற போட்டுல ஒட்டுன சந்தனத்த நாங்க தொடைக்க மாட்டோம்ணே. பாவம்னு வுட்டுடுவோம். அதான் இதையும் வுட்டுட்டேன்.”

என் பக்தியின் மேல் வைத்த மரியாதையால் மாட்டிக்கொண்டவன் அவன். என் நெற்றியில் அன்று காலை இட்ட திருநீறு வேர்வையில் கரைந்து கண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. நேராக அந்த அம்மாவிடம் போய், “வெச்சது நான், பாக்காம டிக் போட்டதும் நான், அவன் ஸ்டூல்தான் பிடிச்சான்” என்று சொன்னேன். வீரமெல்லாம் இல்லை. சேவியர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

அவர் எழுதிக்கொண்டார். குப்பியை மூடும்போது, “உங்க வீடு எங்கங்க?” என்று கேட்டார்.

“இந்தச் சொவத்துக்குப் பின்னாடி, ரெண்டாவது தெரு.”

அவர் திரும்பி அந்தச் சுவரையே பார்த்தார். நானும் பார்த்தேன். கடல்காற்று அந்தப் பக்கமாகத்தான் வீசிக்கொண்டிருந்தது.

அன்றைக்கே என் கழுத்து அட்டையை வாங்கிக்கொண்டார்கள். சேவியர் தப்பினான். வீட்டில் செல்வியிடம் நடந்ததைச் சொன்னேன். வேலை போனதற்கு அழுவாள் என்று நினைத்தேன்.

“அந்த மூணு வாரமும் ஜன்னல தொறந்து வெச்சிகினுதானய்யா தூங்குனோம்” என்றாள். அப்புறம் என் மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

அத்தனை நாளும் ஒரு குழாயும் கசியாமல் பார்த்துக்கொண்டவள் எங்கள் ஊர் வடிவுடையம்மன்தான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சம்பளம் வாங்கிக்கொண்டு நான் செய்ய வேண்டிய வேலையை அவள் தலையில் கட்டியவன் நான்.

இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் காவலுக்கு இருக்கிறேன். அங்கேயும் நோட்டுப் புத்தகம் உண்டு. பூட்டை இழுத்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறேன். மண்டபத்தில் இருப்பவர்கள் என்னைப் பைத்தியம் என்கிறார்கள்.

ஆயுத பூஜைக்குச் சேவியர் தவறாமல் வீட்டுக்கு வருவான், பொரி தின்ன. நான் சந்தனக் கிண்ணத்தை எடுத்ததும் எழுந்து ஸ்டூலைப் பிடித்துக்கொள்வான். ஃபேனோ, ஃபிரிட்ஜோ, மகளின் செல்போனோ, எதன் பக்கத்தில் போனாலும் வீடே ஒரே குரலில் கேட்கும்: “மொதல்ல மூக்கு எங்க கீதுன்னு பாரு.” செல்வி மட்டும் ஒரு வரி கூடுதலாகச் சொல்வாள். “சனிக்கெயமைக்கும் சேத்து வெச்சுடாத.”

எல்லோரும் சிரிப்போம். அந்த நேரத்தில் கிடங்குப் பக்கமிருந்து காற்று திரும்பி ஜன்னல் வழியாக வரும். சிரிப்பை நிறுத்திவிட்டு நான்கு பேரும் ஒரு முறை மூச்சை இழுத்து மோந்து பார்ப்போம். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பொரியில் கை வைப்போம்.