பேச்சாளர் வரவில்லை

கடையைத் திறந்தாயிற்று, சரக்குதான் இல்லை. ப்ளோவ்திவ் பல்கலைக்கழகத்தில் இன்றைக்கு எங்கே என்ன நடக்கிறது என்று சொல்வதற்காக ஸ்விலென் உருவாக்கிய செயலி, ஒரு வாரமாக "இன்று நிகழ்ச்சி எதுவும் இல்லை" என்றே ஓதிக்கொண்டிருந்தது.

படிப்பை முடிக்க அவன் காட்டவேண்டிய கடைசி வேலை அது. பேராசிரியர் வெல்ச்சேவ் கறாராகச் சொல்லிவிட்டார்: "இதப் பாத்துட்டு ஒரு கூட்டம் ஒரு இடத்துக்கு வந்துச்சுன்னு காட்டு, கையெழுத்துப் போடறேன். இல்லேன்னா அடுத்த வருஷம் வா. பட்டம் எங்கயும் ஓடிடாது."

"ஒருத்தரும் அவங்க நிகழ்ச்சிய ஆப்ல ஏத்த மாட்டேங்கறாங்கடி," என்று தோழி ரலிட்சாவிடம் புலம்பினான்.

"நம்ம ஊர்ல எவன்டா தானா வந்து ஏத்துவான்? சுவத்துல ஒட்டறதோட அவன் வேலை முடிஞ்சுது. நீ உன் ஆப்ப சுவத்தப் படிக்க வை."

யார் வேண்டுமானாலும் சுவரொட்டியைப் படம் பிடித்து அனுப்பலாம்; செயலி அதைப் படித்துத் தானே பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் என்று மாற்றினான். மறுநாளே சரக்கு குவிந்தது. வாடகைக்கு அறை. அடைப்பெடுக்கும் குழாய்க்காரர். காணாமற்போன பூனை. பூனைக்குத்தான் நிறையப் பேர் 'வருகிறேன்' என்று அழுத்தியிருந்தார்கள்.

"சல்லடை போடுடா மண்டு," என்றாள் ரலிட்சா. "பேரு, போட்டோ, இடம், நேரம். நாலும் இருந்தா நிகழ்ச்சி. ஒண்ணு குறைஞ்சாலும் குப்பை."

போட்டான். குழாய்க்காரரும் பூனையும் ஒழிந்தார்கள். பட்டியலுக்கு ஒரு கண்ணியம் வந்தது. தினமும் ஒரு பெரிய மனிதர். பொறியாளர் இன்னார், மருத்துவர் இன்னார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை இன்னார். செயலி தன் அறிவுக்கு எட்டியபடி எல்லாருக்கும் 'சிறப்புரை' என்று தலைப்பும் கொடுத்தது. போய்வந்த மாணவர்கள் கருத்து எழுதினார்கள்.

"பேச்சாளர் வரவில்லை. சாப்பாடு பிரமாதம். ஐந்து நட்சத்திரம்."

"இவரும் வரவில்லை. பாலாடைக்கட்டி வைத்த பனித்சா ரொட்டி சுடச்சுட. நாளைக்கு யார்?"

கல்லா நிரம்புகிற மயக்கத்தில் நாணயத்தைத் தட்டிப் பார்க்க மறந்த வியாபாரி மாதிரி, ஸ்விலென் நட்சத்திரங்களை மட்டும் பார்த்தான். நேரே பேராசிரியரிடம் போனான்.

"நாளைக்குப் பொறியாளர் அதனாஸ் குர்டோவ் பேசறார் சார். ஒரு பட்டாளமே வருது. நீங்களே வந்து பாருங்க!"

இடம், மரித்சா ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு சர்ச் முற்றம். அங்கே போய் நின்றபோதுதான் அவனுக்கு உறைத்தது. மேசைமேல் பொறியாளரின் படம். படத்தின் ஓரத்தில் கறுப்பு நாடா. எதிரே, சர்க்கரை தூவிய அவித்த கோதுமையில் மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. மனிதர் போய் இன்றைக்கு நாற்பதாம் நாள்! ஊரில் கம்பத்துக்குக் கம்பம், கதவுக்குக் கதவு ஒட்டுகிற கண்ணீர் அஞ்சலித் தாளில் பேரு, படம், இடம், நேரம் நாலும் பிசகாமல் இருக்குமே, பாவி!

பேராசிரியர் வருவதற்குள் கூட்டத்தைக் கலைத்தாக வேண்டும். எல்லாருடைய போனுக்கும் ஓர் அறிவிப்பு அனுப்பினான்: "பேச்சாளர் காலமாகிவிட்டார்."

வராமல் விடுதியில் கிடந்தவர்களும் கிளம்பி ஓடிவந்தார்கள்.

"அடப்பாவமே! காலைல கூட ஆப்ல இருந்தாரேடா!"

"ஒரு தடவையாவது அவர் பேச்சக் கேக்கக் குடுத்து வைக்கலயே!"

கோதுமையை வாங்கி, வழக்கப்படி "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று வாய் நிறைய மென்றபடியே சொன்னார்கள். பிறகு வரிசையாகப் போய், படத்துக்குப் பக்கத்தில் கறுப்புச் சால்வையுடன் உட்கார்ந்திருந்த அம்மாளின் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னாள்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு பேராசிரியர் வந்தார். படத்தைப் பார்த்தார். நாடாவைப் பார்த்தார். ஸ்விலெனைப் பார்த்தார்.

"ஏன்டா, உயிரோட இருக்கற ஒரு ஆளு கூடவா உனக்குக் கிடைக்கல? இது ஆப் இல்லடா, செத்தவருக்கு வச்ச ஆப்பு!"

"கூட்டம் வந்துடுச்சே சார்..."

"வாய மூடு! அந்த அம்மா துக்கத்துல உக்காந்திருக்காங்க, உன் ஆளுங்க பந்தி நடத்தறானுங்க. போய் மன்னிப்புக் கேளு. அவங்க மன்னிச்சா கையெழுத்து. இல்லேன்னா அடுத்த வருஷம் பாப்போம்."

ஸ்விலென் போய் அந்த அம்மாள் முன்னால் மண்டியிட்டான். பேராசிரியர் கைகட்டிப் பின்னால் நின்றார்.

"அம்மா, மன்னிச்சிடுங்க. இந்தப் பசங்க ஒருத்தனுக்கும் உங்க வீட்டுக்காரரத் தெரியாது. எல்லாரும் என் ஆப்ல பாத்துட்டுச் சாப்பாட்டுக்கு வந்தவங்க. தப்பு முழுக்க என்னோடதும்மா!"

அம்மாள் திடுக்கிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள். இருவரையும் கிட்டே வரச் சொல்லிக் கையசைத்தாள்.

"மெள்ளப் பேசு தம்பி, அவர் குடும்பத்துக்காரங்க காதுல விழுந்துடப் போவுது. நானும் உன் ஆப்ல பாத்துத்தான் வந்தேன்."